கமிட்டுக்கு முன்

திங்கள், இரவு

பில் அச்சடிக்கும் பகுதியில் ஒரு திருத்தம். வேலை முடிந்துவிட்டது, கமிட் போட வேண்டியதுதான். கிட் ஸ்டேட்டஸ் அடித்தேன். சிவப்பில் இரண்டு பட்டியல். மேலே, நான் கைவைத்த பழைய கோப்புகள். கீழே, கிட் இன்னும் கண்டுகொள்ளாத புதியவை.

மேல் பட்டியலுக்கு டிஃப் இருக்கிறது. வரி வரியாகப் பார்த்து, சோதனைக்கு எழுதிய பிரிண்ட் வரி ஒன்றை எடுத்தேன். கீழ்ப்பட்டியல்தான் வம்பு. டிஃப் அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது. கமிட்டில் மைனஸ் ஏ போட்டாலும் புதுக்கோப்பு உள்ளே போகாது. வரி கணக்கிடும் கோப்பு இன்று அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அதை விட்டிருந்தால் என் கணினியில் எல்லாம் ஓடும். புல் எடுக்கிற மற்றவர்களிடம் உடையும். டிஃப் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைபவர்களை நான் நம்புவதில்லை.

செவ்வாய்

"ஆட் போட்டு ஒரு புள்ளி வச்சா முடிஞ்சதே, அக்கா" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. முடியும்தான். புள்ளி எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். அவன் ஃபோல்டரில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள டாட் என்வ் கோப்பும் கிடந்தது. ஒருமுறை கமிட்டாகிவிட்டால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கும். புஷ்ஷும் ஆகிவிட்டால் பாஸ்வேர்டையே மாற்றியாக வேண்டும். கிட் இக்னோரில் சேர்க்கச் சொன்னேன். ஏற்கெனவே கமிட்டான கோப்பை அந்த வரி கட்டுப்படுத்தாது. பலரும் இடறுவது அங்கேதான்.

ஆட் மைனஸ் பெரிய என்னும் காட்டினேன். உள்ளடக்கத்தை எடுக்காமல் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளும், பிறகு புதுக்கோப்பும் டிஃபில் வரும். (சின்ன என் வெறும் ஒத்திகை. இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது!)

புதன்

ஸ்டேஜ் எதற்கு, நேராகக் கமிட் போட்டால் என்ன என்று கேட்கிறான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதிய முதல் கிட்டிலேயே அந்த இடைநிலை உண்டு. எனக்குக் கிட்டில் பிடித்ததே அதுதான். ஆட் மைனஸ் பி போட்டால் ஒரே கோப்பிலிருந்து வேண்டிய மாற்றத்தை மட்டும் பொறுக்கலாம். ஆனால் ஸ்டேஜுக்குப் போனதை வெறும் டிஃப் காட்டாது, ஸ்டேஜ்டு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாலையில் அவன் திரையில் ஒரே கோப்பு பச்சையிலும் சிவப்பிலும் நின்றது. "இது எப்படிக்கா?"

ஆட் போட்ட நேரத்துப் பிரதிதான் கமிட்டுக்குப் போகும், அதற்குப் பின் தொட்டது வெளியேதான் என்றேன். சிவப்பை டிஃப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஆட் போட்டான். இந்த முறை புள்ளி வைக்கவில்லை, கோப்பின் பெயரை அடித்தான்.