மிதிக்காத பெடல்

நான்கு வருடங்களாக ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டினேன். ஓட்டியது கம்ப்யூட்டர் சிமுலேட்டரில்தான். ஆனால் அந்தப் பொய்யை முழுசாக நம்பியவன் என் அக்கா மகன், 17 வயதுப் பையன். அவனிடம் நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விமானத்தைத் திருப்ப ஸ்டிக்கைச் சாய்த்தால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வலப்பக்கம் சாய்த்தால் இடது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஐலரான் என்ற மடல் கீழே இறங்கி அந்த இறக்கையைத் தூக்கும். தூக்கும் இறக்கையைக் காற்று கூடுதலாகப் பின்னால் இழுக்கவும் செய்யும். அதனால் வலப்பக்கம் போக வேண்டிய மூக்கு ஒரு கணம் இடப்பக்கம் போகும். அதைத் தடுக்க, கை சாயும் அதே நேரத்தில் வலது கால், மூக்கைத் திருப்பும் ரடர் பெடலை அளவாக மிதிக்க வேண்டும். சாய்வு நிலைத்ததும் கையும் காலும் சேர்ந்தே தளர வேண்டும். போதாததற்கு ப்ரொப்பல்லர் வேறு. மெர்லின் இஞ்சின் பூட்டிய ஸ்பிட்ஃபயரில், இருக்கையிலிருந்து பார்த்தால் அது வலஞ்சுழியாகச் சுற்றும். வேகம் குறைந்து திராட்டில் கூடும்போதெல்லாம் மூக்கு இடப்பக்கமே இழுக்கும். காலுக்கு ஓய்வே கிடையாது.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. எதிரே இரண்டு வரிசையில் ஆறு மீட்டர்கள். அதில் கீழ்வரிசையின் வலது ஓரத்தில் இருப்பது. பல விமானங்களில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு உருளும். ஸ்பிட்ஃபயரில் குண்டுக்குப் பதில் இரண்டு முட்கள். எவ்வளவு விரைவாகத் திரும்புகிறோம் என்பதைக் கீழ்முள் காட்டும். விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்பதை மேல்முள் காட்டும். கால் பழகியவனின் மேல்முள் நடுவை விட்டு அதிகம் நகராது.

என்னுடையது நகர்ந்ததே இல்லை. காரணம், செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் நான் போட்டிருந்த டிக். ஆட்டோ ரடர். கால் செய்ய வேண்டிய வேலையை அதுவே செய்துவிடும். முதல் வாரம் ஓடுபாதையில் விமானம் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் புல்லில் போய் விழுந்தபோது, ஒரு வாரத்துக்கு மட்டும் என்று போட்டது. அடுத்த மாதமே பெடலும் வாங்கினேன். நான்கு வருடமும் அதன்மேல் கால் வைத்திருந்தேன், மிதிக்கவில்லை.

அக்கா மகன் திருச்சியில், நான் கோவையில். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சேர்ந்து பறப்போம். என் விமானத்தில் ஏஇசட் என்ற எழுத்துகள் இருக்கும். மெட்ராஸ் மாகாணத்தின் பெயரைத் தாங்கிய 234-ஆம் ஸ்குவாட்ரனின் எழுத்துகள் அவை. 1940-இல் இங்கிலாந்தின் தென்கரையில் பறந்தவர்கள். அவனுடைய கம்ப்யூட்டரில் அந்த டிக் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. என் பின்னால் இறுக்கித் திரும்பும்போதெல்லாம் அவன் விமானம் பட்டென்று புரண்டு சுழன்று விழும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனியை நோக்கி இரண்டரை டிகிரி முறுக்கப்பட்டது. அதனால் இறக்கை உடலோடு சேரும் பகுதி முதலில் தாங்கும் சக்தியை இழந்து, விமானம் உதறி எச்சரிக்கும். ஆனால் உள்பக்கக் காலை அதிகமாக மிதித்துச் சறுக்கவிட்டால், அந்த எச்சரிக்கையும் உதவாது. உள்பக்க இறக்கை முந்திக்கொண்டு விழும். அவனுக்கு நடந்தது இதுதான். அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் அதைச் செய்ததே இல்லை.

சொன்னது இதுதான்: “உனக்குப் பக்குவம் போதலைடா. அந்த ஸ்குவாட்ரன்ல இருந்த பசங்களுக்கு உன்னைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட. என் முள்ளைப் பாரு, அசையுதா?” என் மீட்டரை மொபைலில் வீடியோ எடுத்தும் அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் அந்த வீடியோதான் உறுத்துகிறது. அந்தப் பையன்களுக்கு டிக் போட எந்தக் கட்டமும் இருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் வருவதை நிறுத்தினான். பரீட்சை என்றான். பிறகு அக்கா போனில், “அவன் ஜாய்ஸ்டிக்கை ஃப்ரெண்டுகிட்ட குடுத்துட்டான்டா. தனக்கு இதெல்லாம் வராதாம்” என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவு டிக்கை எடுத்துவிட்டுப் பறந்து பார்த்தேன். முதல் வலது திருப்பத்திலேயே மேல்முள் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு இலக்கின் பின்னால் 250 கஜத்துக்கு நெருங்கி, குறிபார்க்கும் கண்ணாடி வட்டத்துக்குள் சரியாக வைத்துச் சுட்டேன். சறுக்கும் விமானத்தின் குண்டு மூக்கு காட்டும் வழியில் போகாது. எல்லாம் பக்கத்தில் போயின. பீரங்கி ஒன்றுக்கு 120 குண்டு, ஏறக்குறைய 12 விநாடி. அத்தனையும் காலியானது. இழுத்துத் திருப்பினேன். அவனுடையது புரண்ட மாதிரியே என்னுடையதும் புரண்டது.

போன் செய்து எல்லாவற்றையும் சொல்ல எனக்கு இன்னும் ஒன்பது நாள் ஆனது. அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப உங்களுக்கும் அந்த முள் ஆடுமா மாமா?” என்று கேட்டான். ஆடும் என்றேன். வீடியோ எடுத்தது தப்பு என்றும் சொன்னேன். சரி மாமா என்று வைத்துவிட்டான்.

ஜாய்ஸ்டிக் இன்னும் அந்த நண்பனிடம்தான் இருக்கிறது. திரும்ப வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தினமும் விடியற்காலையில் அரைமணி நேரம் உட்காருகிறேன். 180 மைல் வேகம், 30 டிகிரி சாய்வு, இடம் ஒன்று, வலம் ஒன்று. இடது திருப்பம் ஓரளவு வந்துவிட்டது. வலப்பக்கம் ஏறிக்கொண்டே திரும்பும்போது மட்டும் மேல்முள் ஒரு முள் அகலம் விலகியே நிற்கிறது.