சிறு குன்றின் பெருமை



திண்டுக்கல்லை நெருங்கும் எவரையும் தொலைவிலேயே எதிர்கொள்வது, ஊர் நடுவே திண்டு போட்டாற்போல் கிடக்கும் மொட்டைப் பாறைதான். மேற்கே 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல், தென்கிழக்கே சிறுமலை. இவற்றின் முன் இப்பாறை மிகச் சிறிது. ஆயினும் அரசர்கள் கோட்டை கட்டியது இதன்மீதே. காரணம் யாது?

மதுரையிலிருந்து கொங்கு நாட்டிற்குச் செல்லும் வழி, அம்மலைகளின் இடைவெளியில் இப்பாறையை ஒட்டியே செல்கிறது. உச்சியில் நிற்பவனின் கண்ணுக்குத் தப்பி எந்தப் படையும் கடக்க இயலாது. 1605-இல் மதுரை நாயக்கர் இங்குக் கோட்டை எழுப்பினார். 1755-இல் ஹைதர் அலி இங்கே ஃபவ்ஜ்தாராக வந்தார். 1790-இல் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினர். 1792 உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமையே அவர்கள் வசமாயிற்று.

இதே நிலையில் மற்றொரு குன்று பைத்துல் முகத்தஸுக்கு வடமேற்கே உள்ளது. அதன் பெயர் நபி சம்வீல். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், தாலூத்தை அரசராக அறிவித்த நபியின் பெயரைக் குறிப்பிடவில்லை. விரிவுரையாளர் பலர் அவரை ஷம்வீல் (அலை) என்பர். பைபிளில் அவர் சாமுவேல். அவரது அடக்கத்தலமாகப் போற்றப்படும் இடத்தின்மேல் பள்ளிவாசலும், கீழ்த்தளத்தில் யூதர்களின் தொழுகைக் கூடமும் இருக்கின்றன.

அக்குன்றும் பெரிதன்று. ஆனால், அங்கிருந்து பார்த்தால் புனித நகர் தெரியும். 1099-இல் சிலுவைப் போர்வீரர் அதைக் கண்டு மகிழ்ந்ததால், அதற்கு 'ஆனந்த மலை' என்றே பெயரிட்டனர். 1917 நவம்பரில் ஆங்கிலப் படை அக்குன்றைப் பிடித்தது. டிசம்பரில் நகரம் வீழ்ந்தது. அப்போரில் பள்ளிவாசல் பெரிதும் சிதைந்தது. 1971-இல் இஸ்ரேலியர் அங்கு வாழ்ந்த மக்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தனர். பார்வைக்கு வாய்ப்பான மேடு என்பதே அம்மக்களுக்குத் துன்பமாய் முடிந்தது!

இப்போது நம் பாறையை நோக்குங்கள். உச்சியில் படையில்லை, வெறுமையான ஒரு கோயிலும் மதில்களும் எஞ்சியுள்ளன. உயிர்ப்பெல்லாம் அடிவாரத்தில்தான். அம்மன் கோயிலில் மணி ஒலிக்கிறது. தேவாலயத்தில் ஆராதனை நடக்கிறது. ஹைதரின் சகோதரி அமீருன்னிஸா பேகம் துயிலும் பேகம்பூரில் பாங்கு முழங்குகிறது. அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் அஞ்சாது உறங்குகின்றனர்.

குன்றின் பெருமை அதன் உயரத்தில் இல்லை. அதன் நிழலில் வாழ்வோரின் நிம்மதியில் உள்ளது. பிள்ளைகளை அழைத்துச் சென்று கோட்டையைக் காட்டுங்கள். இறங்கி வரும்போது அடிவாரத்தையும் காட்டுங்கள். அண்டை அயலாரின் உரிமையைப் பேணும் கடமை நமக்கும் உண்டு. இந்த நிம்மதியை அந்தத் தொலைதூரக் குன்றுக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக!