உழைச்செல்வாளின் ஊதியம்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அதன் இறுதிக் குறளில் சற்று நின்று செல்வது நம் வழக்கம். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக ஒருவரையும் வள்ளுவர் அங்கே சேர்க்கிறார்: உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பவர் என்று கொள்ளலாம். மருத்துவத்தின் நாற்கூற்றில் அவரும் ஒரு கூறு. அவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று உரையாசிரியர் எவரும் எழுதி வைக்கவில்லை.

அமெரிக்க முதியோர் இல்லங்கள் பலவற்றில், வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பதற்கென்றே சிறு பயிற்சியும் சான்றும் பெற்ற உதவியாளர்கள் உண்டு. பணிக்கென்று ஒரு பெயர் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் ஊதியத்தை ஒப்பிடவும் முடிகிறது. திண்டுக்கல்லின் சிறு தனியார் மருத்துவமனைகளிலோ எல்லோரும் 'சிஸ்டர்'தான். பட்டயம் பெற்றவரும் சிஸ்டர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வேலையிலேயே ஊசி போடப் பழகியவரும் சிஸ்டர். நோயாளிக்கு வேறுபாடு தெரிவதில்லை. சம்பள நாளன்று அவர்களுக்குத் தெரியும்.

வள்ளுவர் சொன்னவருக்கு மிக நெருங்கியவர் இன்று நம் தெருவுக்கே வருகிறார். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர் அவர். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர். இரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை மாத்திரையை எண்ணிக் கொடுத்து, ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது, பெறத் தகுந்ததுதான். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாயாக இருந்த தொகை பின்னர் 5,500 ஆயிற்று. இதற்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர். தமிழாசிரியருக்கே உரிய சந்தேகம் ஒன்று: 'ஊதியம்' என்று எழுதினால் பின்னாலேயே குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்துவிடும் என்பதற்காகவா இந்தச் சொல்லாராய்ச்சி? 2025-26இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். பதினாறு நாள் மண் வெட்டினால் ஏறக்குறைய அந்த மாதத் தொகை வந்துவிடும். அவர் வேலை முழுநாள் வேலை அன்று என்பார்கள். ஏட்டின்படி அப்படித்தான்.

மலைக்கு அப்பால் கணக்கு வேறு. கேரளத்தில் 2011இல் செவிலியர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள், வேலைநிறுத்தங்கள் நடந்தன, 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச ஊதியம் 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இங்கே 2015இல் மருத்துவத் தேர்வாணையம் வழியாக அரசு மருத்துவமனைகளிலேயே சேர்ந்த செவிலியரின் தொகுப்பூதியம் 7,700. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் இருபதாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகளில் அந்த இருபதாயிரத்தைக் கையில் வாங்கும் சிஸ்டர் ஒருவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை.

இங்கே வாழ்க்கைச் செலவு குறைவு என்பார்கள் நண்பர்கள். பாலக்காட்டு அரிசிக்கும் திண்டுக்கல் அரிசிக்கும் அத்தனை விலை வேறுபாடா? நமக்குத் தோன்றும் காரணம் வேறு. ஒருவரின் கூலியைப் பெரிதும் முடிவு செய்வது, இதை விட்டால் அவருக்கு வேறு என்ன கிடைக்கும் என்பதே. மலையாளச் செவிலிக்கு வளைகுடா இருக்கிறது, கேட்க ஒரு சங்கம் இருக்கிறது. நம் சிஸ்டருக்கு வேடசந்தூர் நூற்பாலை இருக்கிறது. அதிகாலையில் நிலக்கோட்டையில் மல்லிகை பறிக்கும் வேலை இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருமுன் வீடு திரும்ப வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. இவ்வளவையும் கூட்டிக் கழித்துத்தான் இவர் எவ்வளவுக்கு ஒப்புக்கொள்வார் என்று கணக்கிடுகிறார்கள்.

தமிழ் இளங்கலையை ஓராண்டில் விட்டுவிட்டுச் செவிலியர் பட்டயம் படிக்கப் போன மாணவி ஒருவர் நமக்கு உண்டு. ஈராண்டு இங்கே ஒரு சிறு மருத்துவமனையில் இருந்தார். இப்போது திருச்சூரில் இருக்கிறார். மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். அவருடைய தாயாருக்குச் சர்க்கரை நோய். மாதந்தோறும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பவர், நம் தெருவுக்கு வரும் அதே பெண்தான்.