மதிலிலை ஒரு பொட்டு

எங்கடை ஊரிலை வெள்ளம் நிக்காது எண்டுதான் இருபத்திநாலு வயசு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தனான். மருதனார்மடம் செம்மண் பூமி, கீழை சுண்ணாம்புக்கல். எவ்வளவு பெய்தாலும் மழை விட்டுக் கொஞ்ச நேரத்திலை நிலம் குடிச்சிடும். வெள்ளம் எண்டால் அது பொம்மைவெளிக்கும் நாவாந்துறைக்கும் வாறது. நாங்கள் பழைய உடுப்பும் பாணும் சேர்த்துக் கொண்டுபோய்க் குடுக்கிறது. பள்ளிக்கூட நாளிலையிருந்து அப்பிடித்தான் பழக்கம்.

2024 நவம்பர் கடைசிக் கிழமை அந்த நம்பிக்கை போச்சுது.

அதுக்கு முன்னமே பெய்த மழையிலை கிணறு நல்லா ஏறியிருந்தது. குடாநாட்டிலை வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. மாரியிலை மட்டும் ஓடுற வழுக்கையாறு கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி எண்டு போய் அராலியிலை கடனீரேரிக்குள்ளை விழும். மற்ற மழையெல்லாம் கல்லு வெடிப்புகளுக்குள்ளைதான் இறங்கவேணும். அந்த இடமும் நிரம்பிப் போனால் செம்மண் என்ன செய்யும்? ஊறின பஞ்சிலை தண்ணி ஊத்தினமாதிரி அப்பிடியே மேலை நிண்டது.

25ஆம் திகதி தங்கச்சிக்கு ஏ.எல் சோதினை தொடங்கினது. ரெண்டு நாள் மழைக்கோட்டுக்குள்ளை அவளை ஏத்திக்கொண்டு போனன். 27ஆம் திகதியிலையிருந்து மூண்டு நாளுக்குச் சோதினை இல்லை எண்டு அறிவிச்சினம். பிறகு டிசம்பர் 4 மட்டும் தள்ளிப்போச்சுது. கரண்டும் இல்லை. அவள் மெழுகுதிரி வெளிச்சத்திலை படிச்ச பாடத்தையே திரும்பத் திரும்பப் படிச்சுக்கொண்டிருந்தாள். வங்கக் கடலிலை கிழக்குக் கரையோடை ஊர்ந்த அந்தத் தாழமுக்கம் 29ஆம் திகதிதான் புயலாகி 'பெங்கல்' எண்ட பேரை எடுத்தது, 30ஆம் திகதி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறினது. பேர் வைக்க முன்னமே எங்களை நனைச்சு முடிச்சிட்டுது.

இனித்தான் எங்கடை மதில் கதை.

எங்கடை வளவுக்குக் கிழக்காலை ஒரு மாமி இருக்கிறா. சொந்தம் இல்லை, ஆனால் பிறந்ததிலையிருந்து மாமிதான். தனிய இருக்கிறா. எங்களுக்கும் அவவுக்கும் இடையிலை முந்தி கிடுகு வேலி. வேலியிலை ஒரு பொட்டு இருந்தது. கறி போறது, தோசைமா வாறது, நான் அடி வாங்காமல் ஓடுறது எல்லாம் அந்தப் பொட்டாலைதான். 2008இலை நிஷா புயல் வந்தபோது எனக்கு எட்டு வயசு. யாழ்ப்பாணத்திலை ஒரே நாளிலை 390 மில்லிமீற்றருக்குக் கிட்டப் பெய்தது. ஏ9 பாதை பூட்டு, இரவிலை ஊரடங்கு, எங்கையும் ஓடவும் ஏலாது. அண்டைக்கு மாமியின்ரை வளவாலை வந்த தண்ணி வேலிக்குள்ளாலை புகுந்து எங்கடை கிணத்தடியைச் சுத்தி, மேற்கு வேலியாலை வெளியேறி மதகடிக்குப் போனதை அம்மம்மாவின்ரை மடியிலை இருந்து பார்த்தனான். ரெண்டு பேப்பர் கப்பலும் விட்டனான்.

2017இலை கனடாவிலை இருக்கிற பெரியண்ணா காசு அனுப்பினார், வேலியை எடுத்திட்டு மதில் கட்டினம். எங்கடை ஒழுங்கையிலை அப்ப எல்லாரும் கட்டின காலம். கள்ளர் பயம் ஒரு காரணம், கிடுகுக்கும் கூலிக்கும் வருசாவருசம் காசு கரையிறது இன்னொரு காரணம். ரெண்டும் பொய் இல்லை. மேசன் அத்திவாரம் போடேக்கை அப்பாட்டைக் கேட்டவர்: "ஐயா, தண்ணி போக அடியிலை ஒரு பைப் வைக்கவோ?" அப்பா வேண்டாம் எண்டிட்டார். மாமி வீட்டுக் குசினித் தண்ணி எங்கடை பக்கம் வந்திடும் எண்டு யோசிச்சார். நான் அப்ப பக்கத்திலை மண் அரிச்சுக்கொண்டு நிண்டனான். பேப்பர் கப்பல் ஞாபகம் வந்தது. ஒண்டும் சொல்லேல்லை.

2024 நவம்பர் 27 காலமை எங்கடை வளவிலை கரண்டைக்கால் அளவு தண்ணி. மதிலுக்கு மேலாலை எட்டிப் பார்த்தன். மாமியின்ரை முத்தத்திலை முழங்காலுக்கு மேலை நிக்குது. கிணத்துக்கட்டு மூழ்கிப்போச்சு. மலசலகூடக் குழி எந்த இடம் எண்டே தெரியேல்லை. மாமி விறாந்தைக் குந்திலை கோழிக்கூட்டை ஏத்தி வைச்சிட்டுப் பக்கத்திலை இருந்தா. என்னைக் கண்டிட்டுச் சிரிச்சா. "தம்பி, தங்கச்சி சோதினைக்குப் போட்டாளே?" எண்டு கேட்டா. மதிலைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

வெள்ளத்திலை முதல் பிரச்சினை குடிதண்ணி எண்டு சென்னையிலை 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஒரு சிநேகிதன் சொல்லியிருந்தான். எங்கடை இடத்திலை அது இன்னும் மோசம், ஏனெண்டால் கிணறும் குழியும் ஒரே வளவுக்குள்ளை. ரெண்டுக்கும் இடையிலை இருக்கிறது வெடிச்ச சுண்ணாம்புக்கல்லு. மேலாலையும் தண்ணி கலந்தால் அந்தக் கிணத்துத் தண்ணியை வாயிலை வைக்க ஏலாது. மாமி மத்தியானம் எங்கடை வீட்டுக்குத் தண்ணிக்கு வந்தா. பொட்டு இருந்தால் இருபது அடி. இப்ப படலையாலை இறங்கி, ஒழுங்கை வெள்ளத்துக்குள்ளாலை சுத்தி வரவேணும். அறுபத்தெட்டு வயசு, ஒரு கையிலை வாளி, மற்றக் கையிலை தடி. அம்மம்மா அதைப் பார்த்திட்டு உள்ளை போய்ப் படுத்திட்டா. அண்டு இரவு அப்பாவோடை ஒருத்தரும் கதைக்கேல்லை. தங்கச்சி மட்டும் புத்தகத்திலையிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "உடைச்சால் என்ன?"

அப்பா கெட்ட மனுசன் இல்லை. அவர் சொன்ன நியாயமும் நியாயம்தான். "நாங்கள் உடைச்சால் தண்ணி எங்கடை வளவுக்குள்ளை வரும். இஞ்சையிருந்து எங்கை போகும்? மேற்காலை அவங்களும் மதில் கட்டியிருக்கிறாங்கள். பிறகு ரெண்டு வீடும் தாழும்." மேற்குப் பக்க வீட்டுக்காரர் சுவிஸிலை. வீடு பூட்டிக் கிடக்குது. அவையின்ரை மதிலுக்கு அங்காலைதான் வாய்க்காலும் மதகும். அப்ப உடைக்கவேண்டியது ஒரு மதில் இல்லை, ரெண்டு.

யாழ்ப்பாணத்திலை அரையடி வேலிக்காகக் கோட்டுக்குப் போன சனம் நாங்கள். ஆள் இல்லாத வளவின்ரை மதிலிலை அலவாங்கு போடுறதெண்டால் சும்மா விசயமே? என்ரை போனிலை பதினொரு வீதம் சார்ஜ் இருந்தது. சிக்னலுக்காக மொட்டைமாடியிலை குடையோடை நிண்டு சுவிஸுக்கு வட்ஸ்அப் எடுத்தன். நாலாம் தரம் அந்த அண்ணை எடுத்தார். முதல் கேள்வி, "மதிலை உடைக்கவோ?" பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. நான் கமராவைத் திருப்பி மாமியின்ரை முத்தத்தைக் காட்டினன். "ஐயோ, அது மாமி வீடே" எண்டார். அவரும் சின்னனிலை அந்தப் பொட்டாலை போய்வந்தவர்தான். "உடையுங்கோ. பூங்கண்டுப் பக்கம் வேண்டாம், பின்பக்கமா உடையுங்கோ." சொல்லி முடியப் போன் செத்துப்போச்சு.

28ஆம் திகதி விடிய அப்பாவும் நானும் முதல் மேற்கு மதிலை உடைச்சம். அம்மம்மா விறாந்தையிலை இருந்து கையைக் காட்டினா, "அங்கை இல்லை, முருங்கைக்கு நேரை. தண்ணி அதாலைதான் போறது." அவ சொன்ன இடத்திலை நிலம் உண்மையிலையே ஒரு சாண் பதிவு. பிறகு எங்கடை மதில். நாலாவது குத்திலை கல்லுக் கழண்டது. தண்ணி சீறிக்கொண்டு வந்து அப்பாவின்ரை காலைத் தட்டி விழுத்தினது. எங்கடை குசினிப் படி மட்டும் ஏறினது, ரெண்டு வாழை சரிஞ்சது, அடுக்கி வைச்ச விறகு மிதந்தது. பின்னேரம் மாமியின்ரை கிணத்துக்கட்டு வெளியிலை தெரிஞ்சது.

இதோடை முடிஞ்சுது எண்டு நினைச்சம். டிசம்பரிலை வடமராட்சிப் பக்கம் ஒரு காய்ச்சல் வந்து ஏழெட்டுப் பேர் செத்துப்போச்சினம். மர்மக் காய்ச்சல் எண்டு முதலிலை பயப்பட்டது எலிக்காய்ச்சல் எண்டு பரிசோதனையிலை தெரிஞ்சது. எலியின்ரை சலம் கலந்த வெள்ளத்திலை, காலிலை வெட்டுக்காயத்தோடை நிண்டாலே போதும். மதில் உடைச்ச அண்டு எனக்குக் கல்லு வெட்டின காயம் இருந்தது. அந்த ரெண்டு கிழமையும் அம்மா தினமும் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. எனக்கு ஒண்டும் வரேல்லை. ஆனால் வெள்ளத்துக்குள்ளை வெறுங்காலோடை இறங்கிறதை வீரம் எண்டு நினைக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன்: சப்பாத்தைப் போடுங்கோ. காய்ச்சல் வந்தால் பெனடோலோடை வீட்டிலை கிடக்காதேங்கோ, வெள்ளத்துக்குள்ளை நிண்டதை டொக்டரிட்டைச் சொல்லுங்கோ.

மாமியின்ரை கிணத்தை வெள்ளம் வடிஞ்ச கையோடை இறைக்கப் போனம். சுகாதாரப் பரிசோதகர் மறிச்சார். நிலத்தடித் தண்ணி உயர்ந்து நிக்கேக்கை ஒரேயடியா இறைச்சால் கிணத்துக்கட்டு உள்ளுக்கு இடிஞ்சு விழலாமாம். பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு, குளோரின் போட்டம். அது வரைக்கும் மாமிக்கு எங்கடை தண்ணிதான், அதையும் கொதிக்க வைச்சுத்தான் குடிச்சம்.

உடைச்ச இடத்தை அப்பா பூசேல்லை. நாலு கம்பியை நட்டு விட்டிருக்கிறார். மாமியின்ரை குசினித் தண்ணி இப்ப எங்கடை பக்கம் வருகுதுதான். அப்பா வாழையை அந்த இடத்துக்கு மாத்தி நட்டிட்டார்.

2025 நவம்பர் கடைசியிலை டித்வா வந்தது. மலைநாட்டிலை மண் சரிஞ்சு, தீவு முழுக்க அறுநூறுக்கு மேலை சனம் போன புயல். அந்த இரவு எங்கடை பக்கமும் விடாமல் கொட்டினது. ஒரு மணி போலை அப்பா என்னைத் தட்டி எழுப்பினார், "தண்ணி ஏறுது, பொட்டு அடைச்சிட்டுது போல." சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ரோச்சோடை போனன். கம்பியிலை மாவிலையும் ஒரு பிளாஸ்ரிக் பையும். இழுக்க இழுக்க வருகுதில்லை. அங்காலைப் பக்கத்திலையிருந்து ஒரு தும்புத்தடி வந்து பையைக் குத்தினது.

"தம்பியே?"

"ஓம் மாமி."

"நீ இழு, நான் தள்ளுறன்."