ஆயா ஏறுற வண்டி

எங்க வீட்டுல ஆறு பேர். அப்பா, அம்மா, தாத்தா, ஆயா, தங்கச்சி, நான். இருந்த காரோ அஞ்சு பேர் உட்கார்ற பழைய ஹேட்ச்பேக். கோவளத்துல கடல்ல இருந்து நாலு தெரு தள்ளித்தான் எங்க வீடு. உப்புக் காத்து பட்டுப் பட்டு கதவோட அடிப்பக்கம் பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பிச்சிருச்சு. 2025 செப்டம்பர்ல வேளாங்கண்ணி திருவிழாவுக்கு வேன் வாடகைக்கு எடுத்துத்தான் போனோம். திரும்பி வந்த ராத்திரி அப்பா அறிவிச்சுட்டார்: "அடுத்த வருஷம் சொந்த வண்டியில போறோம். எஸ்யூவி."

வீட்டுல மெக்கானிக்கல் படிக்கிறவன் ஒருத்தன் இருந்தா இந்த மாதிரி நேரத்துல அவன்தான் நிபுணர். நாலு வருஷம் படிச்சதுக்கு முதல் தடவையா மரியாதை கிடைச்சுது. லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட் ஒண்ணு போட்டேன். எஞ்சின், டார்க், மைலேஜ், நீளம், கிரவுண்ட் கிளியரன்ஸ், ஏர்பேக், விலைன்னு மொத்தம் இருபத்தி மூணு காலம்.

அப்பாவுக்கு ஒரே அவசரம். செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி குறைஞ்சிருந்தது. பெரிய எஸ்யூவிக்கு 28 சதவீத வரி, அதுக்கு மேல 22 சதவீத செஸ்னு மொத்தம் 50 இருந்தது, 40 ஆச்சு. நாலு மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன எஞ்சின் வண்டிக்கு 18. அந்த நாலு மீட்டர் கணக்கு 2006 பட்ஜெட்ல வந்தது. நம்ம ஊர்ல எஸ்யூவி மாதிரி நிமிர்ந்து நிக்கிற குட்டி வண்டிகள் இத்தனை இருக்கிறதுக்கு அதுதான் பெரிய காரணம். இங்க பக்கத்துல மறைமலை நகர்ல செஞ்சு 2013-ல வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் அந்த ரகம். ஆனா ஆறு பேரும் அவங்க பைகளும் நாலு மீட்டருக்குள்ள அடங்குறது கஷ்டம். அதனால எங்களுக்கு 40 சதவீதம்தான்.

கோவளத்துல இருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியா ஜிஎஸ்டி ரோடு பிடிச்சு, தாம்பரத்துல ஆரம்பிச்சு பல்லாவரம் வரைக்கும் ஷோரூம் ஷோரூமா ஏறி இறங்கினோம். ஜிஎஸ்டி ரோட்டுல உட்கார்ந்து ஜிஎஸ்டி பத்திப் பேசினோம். வரி குறைஞ்ச சந்தோஷம் 'ஆன் ரோடு' விலையைக் கேட்டதும் பாதியாயிடுச்சு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல சாலை வரி மாறினதுல இருந்து, பத்து லட்சத்துக்கு மேல இருபது லட்சம் வரைக்கும் உள்ள காருக்கு 18 சதவீதம். 14 லட்ச ரூபாய் வண்டின்னா சாலை வரி மட்டுமே இரண்டரை லட்சம். அம்மா அப்படியே கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆசை. தங்கச்சிக்கு சன்ரூஃப். அம்மாவுக்கு இஎம்ஐ அஞ்சு வருஷத்துல முடியணும். தாத்தாவுக்கு முன் சீட். அப்பாவுக்கு உயரம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வழியில தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவர் அவர். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க கார்களை வரிசையா நிறுத்தினதை டிவியில பார்த்துட்டு, "நம்ம ஊருக்கு உசரமான வண்டிதான்டா சரி"ன்னு முடிவு பண்ணிட்டார்.

நான் பாடம் எடுத்தேன். "அப்பா, கிரவுண்ட் கிளியரன்ஸ் மட்டும் பார்த்தா பத்தாது. எஞ்சின் காத்து இழுக்கிற குழாய் எந்த உயரத்துல இருக்குன்னு பார்க்கணும். அதுக்குள்ள தண்ணி போச்சுன்னா, காத்தை அழுத்துற மாதிரி தண்ணியை அழுத்த முடியாது. பிஸ்டனோட கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். எஞ்சினுக்கே வேட்டு." அப்பா பொறுமையா கேட்டுட்டு, "அப்போ அதுவும் உசரமா இருக்கிற வண்டியாப் பாரு"ன்னார்.

என்னோட ஆசை நட்சத்திரம். 2023 அக்டோபர்ல தொடங்கின பாரத் என்கேப் சோதனையில அஞ்சு ஸ்டார் வாங்கின வண்டிதான் வேணும்னு நின்னேன். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் மோத விடுறாங்க. பெரியவங்க பொம்மை முன் சீட்டுல, குழந்தை பொம்மைங்க இரண்டாவது வரிசையில. மூணாவது வரிசையில யாரும் இல்ல. நானும் தங்கச்சியும் உட்காரப் போற இடம் அதுதான். என் இருபத்தி மூணு காலத்துல அதுக்கும் ஒரு இடம் இல்லன்னு அப்போதான் உறைச்சுது. ஆனா இன்னொரு ஆளையும் விட்டிருந்தேன். அது அப்போ தெரியல.

மூணாவது வாரம் வண்டி ஏறக்குறைய முடிவாயிடுச்சு. ஜம்முன்னு நிக்கிற கறுப்பு எஸ்யூவி. வலுவான சேஸிஸ் மேல பாடியைத் தூக்கி வச்ச கட்டுமானம். அட்வான்ஸ் கட்டப் போற அன்னைக்கு வீட்டோட எல்லாரும் போனோம். ஆயா அன்னைக்குத்தான் முதல் தடவையா ஷோரூம் வந்தாங்க.

சேல்ஸ்மேன் தம்பி கதவைத் திறந்து "வாங்க பாட்டி"ன்னார். ஆயா ஒரு கையால சேலையைப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டு காலைத் தூக்கினாங்க. பாதி வரைக்கும்தான் போச்சு. முட்டி மடங்கல. இன்னொரு தடவை. அப்பா பின்னால தாங்க, நான் கையைப் பிடிச்சு இழுக்க, ஷோரூம்ல இருந்த நாலஞ்சு பேர் திரும்பிப் பார்க்க... ஆயா காலைக் கீழ வச்சுட்டாங்க.

"சைடு ஸ்டெப் போட்டுக்கலாம் சார், ஆக்சஸரீஸ்ல இருக்கு"ன்னார் சேல்ஸ்மேன். ஆயா சிரிச்சாங்க. "நல்லா இருக்குப்பா வண்டி. இதையே எடுங்க. நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

அதுல கோபமே இல்ல. ஆனா அது எனக்குத் தெரிஞ்ச வாக்கியம். மகாபலிபுரத்துக்குப் போனப்போ, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனப்போ எல்லாம் அதையேதான் சொல்லியிருக்காங்க. வீட்டைப் பார்த்துக்க அவங்களுக்குப் பிடிக்கும்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்.

அன்னைக்கு அட்வான்ஸ் கட்டல. ராத்திரி இன்ச் டேப்பை எடுத்து எங்க வீட்டுப் படியை அளந்தேன். 18 சென்டிமீட்டர். ஆயா தினமும் ஏறுற உயரம். மறுநாள் தனியா போய் அந்தக் கறுப்பு வண்டியையும் அளந்தேன். தரையில இருந்து கதவு ஓரம் வரைக்கும் 53. மூணு படியை ஒரே எட்டுல ஏறச் சொல்லியிருக்கோம், எழுபத்தி நாலு வயசுக்காரங்களை.

சென்னையில 2024 ஆகஸ்ட்ல புதுத் தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பிச்சது ஞாபகம் வந்துச்சு. அதோட தரை உயரம் 400 மில்லிமீட்டர். நிறுத்தத்துல ஒரு பக்கமா சாஞ்சு இன்னும் கொஞ்சம் கீழ இறங்கும். அந்த 40 சென்டிமீட்டருக்காக மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடுறவங்க உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. நாங்க என்னடான்னா கடன் வாங்கி, வரி கட்டி, 53 சென்டிமீட்டரை வீட்டுக்குக் கொண்டு வரப் பார்த்தோம்.

எக்செல்ல இருபத்தி நாலாவது காலம் போட்டேன்: 'ஆயா'. அடுத்த வாரம் போன எல்லா ஷோரூம்லயும் முதல்ல டேப், அப்புறம்தான் பிரோஷர். "என்ன ப்ரோ, வண்டிக்கு சட்டை தைக்கப் போறீங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டார். கடைசியில 39 சென்டிமீட்டர்ல ஒண்ணு கிடைச்சுது. கதவு அகலமாத் திறக்குது. ஆயா மெதுவா உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ள எடுத்து வச்சுக்கலாம். மூணு வரிசை. ஆனா அது எஸ்யூவி இல்ல, எம்பிவி.

அப்பா முகம் வாடிடுச்சு. "இது டாக்ஸி மாதிரி இருக்குடா. தெருவுல நிறுத்தினா சவாரி வருமான்னு கேப்பாங்க." அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். இருபத்தஞ்சு வருஷம் உழைச்சு வாங்குற வண்டி, நாலு பேர் திரும்பிப் பார்க்கணும்னு ஆசை இருக்காதா? எனக்கும்தான் இருந்தது. அந்தக் கறுப்பு வண்டியோட போட்டோ என் போன்ல இன்னும் இருக்கு.

ரெண்டு நாள் அப்பா அதைப் பத்திப் பேசவே இல்ல. மூணாவது நாள் காலையில சேல்ஸ்மேனுக்குப் போன் போட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, வெள்ளையைத் தவிர வேற என்ன கலர் இருக்கு?"

உங்க வீட்டுலயும் வண்டி பார்க்குறீங்கன்னா, ரிவ்யூ வீடியோ எல்லாம் பாருங்க, தப்பில்ல. ஆனா ஷோரூமுக்கு முதல் நாளே வீட்டுல வயசானவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அட்வான்ஸ் கட்டுற அன்னைக்கு இல்ல.

வண்டி வந்தது நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை. நீலக் கலர். மாதா கோயில் வாசல்ல மந்திரிச்சு எடுத்துட்டு வந்து தெருவுல நிறுத்தினோம். நாங்க போட்டோ எடுத்துட்டு இருக்கும்போதே ஆயா தானா கதவைத் திறந்து, தானா உட்கார்ந்து, தானா சாத்திக்கிட்டாங்க. கண்ணாடியை இறக்கச் சொல்லி, "முட்டுக்காடு வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாமா?"ன்னு கேட்டாங்க.

"எல்லாரும் போயிட்டா வீட்டை யாரு பார்த்துக்கறது?"ன்னார் தாத்தா.

"பூட்டு எதுக்கு இருக்கு? ஏறுங்க"ன்னாங்க ஆயா.