ஈரம் மேலே தெரியட்டும்



நம் வீடுகள் பலவற்றில் இப்போது காலை ஒன்பதரை மணிக்கு ஓர் அமைதி நிலவுகிறது. மகனோ மருமகளோ மடிக்கணினியின் முன் அமர்ந்து, "ஸ்டாண்ட்-அப் நடக்கிறது, சத்தம் வேண்டாம்" என்று சைகை காட்டுகின்றனர். நின்றுகொண்டே பேசி விரைவாக முடிக்கவேண்டிய கூட்டம் என்பதால் அதற்கு அப்பெயர். அதை அமர்ந்துகொண்டே நடத்துகிறார்கள் என்பது வேறு விஷயம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்குள்ள தடை என்ன என்று குழுவில் உள்ள ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். பதினைந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். 'அஜைல்' என்னும் பணிமுறையில் வீட்டாரின் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கூட்டம் ஒன்றே.

நம்மிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய ஒருவர் இன்று ஒரு மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் பணிபுரிகிறார். மருந்தோடு எந்தப் பொருளை எந்த அளவில் சேர்த்தால் மாத்திரை உரிய நேரத்தில் கரையும், எந்தப் பூச்சு காற்றின் ஈரத்தைத் தடுக்கும் என்று கண்டறிவது அவர் வேலை. விடுமுறையில் ஊர் வந்திருந்தவர் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஸ்ரத், தினமும் காலையில் 'வேலை நன்றாகப் போகிறது' என்று சொல்கிறேன். பல நாட்கள் அது எனக்கே தெரிவதில்லை. சில நாட்கள் நன்றாகப் போகவில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் சொல்கிறேன். இது பொய்யில் சேருமா? விளைவே தராத மாதங்களுக்கு நான் வாங்கிய சம்பளம் எனக்கு ஹலால்தானா?"

முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விதான் அவரை உறங்கவிடாமல் செய்திருந்தது. விடை சொல்வதற்கு முன் அந்தப் பணிமுறையைப் பற்றி அவரிடமே விரிவாகக் கேட்டோம்; பின்னர் படித்தும் பார்த்தோம்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு என்னும் இடத்தில் மென்பொருள் துறையினர் 17 பேர் கூடி வெளியிட்ட அறிக்கையிலிருந்து 'அஜைல்' என்ற பெயர் பரவியது. முழுத் திட்டத்தையும் முதலிலேயே எழுதி முடித்து, ஈராண்டு கழித்துப் பொருளைக் கையில் கொடுக்கும் வழக்கத்துக்கு மாற்றாக, சிறிது சிறிதாகச் செய்து, பயன்படுத்துவோரிடம் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போவது அதன் சாரம். அம்முறைகளுள் மிகப் பரவலானது 'ஸ்க்ரம்'. அதில் வேலையை ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் தவணை இரண்டு வாரம். தவணைக்கு 'ஸ்பிரிண்ட்' என்று பெயர்.

மென்பொருளுக்காகப் பிறந்த முறையை ஆராய்ச்சிக்கூடத்தில் திணித்துவிட்டார்கள் என்று நம் மாணவர் குறைபட்டுக்கொண்டார். அதன் வேரைத் தேடினால் நிலைமை வேறாக இருக்கிறது. 1986இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் தக்கேயுச்சி, நொனாக்கா என்னும் இரு ஜப்பானிய அறிஞர்கள் எழுதிய கட்டுரையில்தான் ரக்பி விளையாட்டின் உவமை இத்துறைக்குள் வந்தது. ஸ்க்ரம் என்ற பெயரும் அங்கிருந்தே கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்தவை மென்பொருள் குழுக்கள் அல்ல. ஃபுஜி ஜெராக்ஸின் நகலெடுக்கும் இயந்திரம், கேனன் கேமரா, ஹோண்டாவின் சிட்டி கார் ஆகியவற்றை உருவாக்கிய புதுப்பொருள் குழுக்கள் அவை. ஹோண்டா குழுவினரின் சராசரி வயது 27. மேலிடம் அவர்களுக்குக் கொடுத்த கட்டளை, இதுவரை இல்லாத கருத்தில் ஒரு கார் வேண்டும், விலை குறைவாக இருக்கவேண்டும், தரம் குறையக்கூடாது என்ற அளவில் நின்றது. வழியை அவர்களே கண்டுபிடிக்கும்படி விட்டுவிட்டார்கள். ஆக, இம்முறையின் பாட்டனார் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தவர்தாம். இடையில் அவரிடமிருந்த அந்தச் சுதந்திரம் கழன்றுபோய், எண்ணும் பழக்கம் மட்டும் பேரனுக்கு வந்துசேர்ந்திருக்கிறது.

எண்ணுவது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை மதரஸாவில் இருப்போர் எளிதில் அறியலாம். ஹிஃப்ழு வகுப்பில் நாம் தினமும் எண்ணுகிறோம். இன்று எத்தனை வரி புதுப் பாடம், எத்தனை பக்கம் பழைய பாடம், எங்கே தடுமாறினான் என்று ஏட்டில் குறிக்கிறோம். முப்பது ஜுஸ்வு என்னும் எல்லை முன்பே தெரிந்திருப்பதால் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. ஆனால், முன்னோர் காலத்தில் இல்லாத ஒரு வணிக முறை கூடுமா கூடாதா என்று நூல்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் முஃப்தியிடம் போய், நேற்று எத்தனை விழுக்காடு முடிந்தது என்று கேட்க முடியுமா? பத்து நாள் தேடியபின், தாம் நம்பிய ஆதாரம் இதற்குப் பொருந்தாது என்று அவர் கண்டுகொள்ளலாம். அது வீணான பத்து நாள் அன்று. அந்த வாசலை அவர் மூடிவிட்டார்.

நம் மாணவரின் வேலையில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஒரு மருந்து கெடாமல் இருக்குமா என்பதை விரைவாக அறிய, அதை 40 டிகிரி வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துச் சோதிப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. சாதாரண நிலையில் வைத்துப் பார்க்கும் சோதனை அதனினும் நீண்டது. ஆறு மாதச் சோதனையைப் பன்னிரண்டு பதின்மூன்று ஸ்பிரிண்டுகளாக வெட்டினாலும் மருந்துக்கு அது தெரியாது.

அவர் குழுவில் நடந்த ஒன்றையும் சொன்னார். ஒரு மருந்தின் மூன்றாம் மாத அளவீட்டில், இருக்கக்கூடாத வேற்றுப்பொருளின் அளவு உயர்ந்து வரம்பை நெருங்கியிருந்தது. வரம்பைத் தாண்டவில்லை என்பதால் குழுவின் பலகையில் அதன் நிறம் பச்சை. அளந்தவர் மறைக்க நினைக்கவில்லை. அதைச் சொல்ல அந்தக் கூட்டத்தில் இடம் இருக்கவில்லை. அட்டை 'முடிந்தது' என்ற கட்டத்துக்கு நகர்ந்ததா என்பதே அங்கே கேள்வி. ஆறாம் மாதத்தில் வரம்பு தாண்டியது. மூன்று மாதம் முன்னரே வேறு பூச்சைத் தேடியிருக்கலாம். நோயாளியின் வாய்க்குப் போகும் பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இதைக் கேட்டபோது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஓர் உணவு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று வணிகரிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவரைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தைக் கீழே தள்ளி, காய்ந்ததை மேலே பரப்பியதே குற்றம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். எந்தப் புதுமுறையைக் கண்டாலும் இது நம் மார்க்கத்தில் 1400 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது என்று மகிழ்ந்துகொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஹதீஸில் ஸ்க்ரம் இருக்கிறது என்று நாம் சொல்லவரவில்லை. ஹதீஸ் சொல்வது வியாபாரத்தின் நேர்மையை. அந்த நேர்மைக்கு இடம் கொடுக்கும்படி காலைக் கூட்டத்தை அமைத்துக்கொள்ள முடியுமா என்பதே நம் கேள்வி.

முதலாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. நன்றாகப் போகவில்லை என்று அறிந்தும் நன்றாகப் போகிறது என்பது பொய். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது ஒரு முழுமையான விடை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த கேள்விகள் பலவற்றுக்கு 'எனக்குத் தெரியாது' என்றே பதிலளித்தார்கள். அதனால் அவர்கள் மதிப்பு குறையவில்லை. (நம்மவர்கள் கடன் திருப்பித் தரும் நாளைக் கேட்டால் சொல்லும் 'இன்ஷா அல்லாஹ்' இருக்கிறதே, அலுவலகத்தின் 'நன்றாகப் போகிறது' அதன் உடன்பிறப்பு. இரண்டும் பதில் போலத் தோன்றும், பதிலாக இருப்பதில்லை.)

இரண்டாவது கேள்விக்கு ஃபிக்ஹு நூல்களில் தெளிவான அடிப்படை இருக்கிறது. கூலிக்கு உழைப்போரை ஹனஃபி அறிஞர்கள் இரு வகையாகப் பிரிக்கின்றனர். தையற்காரர், சாயம் தோய்ப்பவர் போன்று பலருக்கும் பொதுவாக வேலை செய்பவர் அஜீர் முஷ்தரக். வேலையை முடித்துக் கொடுத்தால் அவருக்குக் கூலி. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரிடம் தம்மை ஒப்படைத்துக்கொண்டவர் அஜீர் காஸ். அக்காலத்தில் அவர் பணிக்கு முன்வந்து நின்றாலே கூலிக்கு உரியவராகிறார். மாதச் சம்பளத்தில் இருக்கும் ஆராய்ச்சியாளர் இரண்டாம் வகையினர். நேரத்தைத் திருடாமல், முறையாகச் சோதித்து, கண்டதை உள்ளபடி எழுதிவைத்தால் பூச்சு தோற்றுப்போன மாதத்தின் சம்பளமும் அவருக்கு ஹலாலே. நிறுவனம் அவரிடம் வாங்கியது அவருடைய காலத்தையும் முயற்சியையும்; வெற்றியை அன்று. சம்பளத்தை ஹலாலாக்கிக்கொள்ள முன்னேற்றத்தைக் கற்பனை செய்துகொள்ளும் தேவை அவருக்கில்லை. சொல்லப்போனால், அமானிதத்தில் பழுது விழுவது அந்தக் கற்பனையில்தான்.

அஜைலை விட்டுவிடவேண்டுமா என்றால், அதுவும் வேண்டாம். ஆராய்ச்சிக்கு ஏற்ப அதை வெட்டித் தைத்தவர்கள் இருக்கிறார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர்கள் மைக்கேல் ஹிக்ஸ், ஜெஃப்ரி ஃபாஸ்டர் இருவரும் தம் ஆய்வு மாணவர்களுக்காக 'ஸ்கோர்' என்ற முறையை அமைத்து 2010இல் அதைப் பற்றி எழுதினர். முன்பு ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் ஒரு சந்திப்பு என்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சில வாரம் பேச எதுவும் இருக்காது; சில வாரம் நேரம் போதாது. அதை மாற்றி, குழு முழுவதும் வாரத்தில் சில முறை சிறிது நேரம் கூடி நிலைமையைச் சொல்வது என்றும், ஆழமாகப் பேசவேண்டியது எழும்போது மட்டும் தனியே அமர்வது என்றும் வகுத்துக்கொண்டார்கள். ஒருவர் எங்கே சிக்கியிருக்கிறார் என்று மற்றவர் அறிந்து உதவ வழி பிறந்தது. ஸ்க்ரமில் உள்ள எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தவணையின் இலக்கைப் பொருளாக வைக்காமல் கேள்வியாக வைப்பது இன்னொரு வழி. 'இரண்டு வாரத்தில் பூச்சைச் செய்து முடிப்போம்' என்பதற்குப் பதிலாக, 'இந்தப் பூச்சு ஈரத்தைத் தடுக்கிறதா என்று இரண்டு வாரத்தில் அறிவோம்' என்று எழுதினால், 'தடுக்கவில்லை' என்பதும் முடிந்த வேலையாகிவிடும். மென்பொருள்காரர்களே இவ்வாறு காலவரை இட்டுத் தேடிப்பார்ப்பதற்கு 'ஸ்பைக்' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதச் சோதனைகளை ஸ்பிரிண்டுக்குள் கொண்டுவராமல், டொயோட்டா தொழிற்சாலைகளிலிருந்து வந்த கான்பன் பலகையில் தனி வரிசையாக வைத்து, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கு ஓர் உச்ச எண்ணிக்கை விதித்துக்கொள்ளலாம். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, வரம்புக்குள் இருந்தாலும் ஏறிக்கொண்டிருப்பதற்கு ஒரு நிறம் வேண்டும் என்று நம் மாணவரிடம் சொன்னோம். அந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது.

குழுத்தலைவர்களாக இருக்கும் சகோதர சகோதரிகளும் இதைப் படிக்கக்கூடும். மேற்சொன்னவை அனைத்தும் அவர்கள் கையில் இருக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் குவியலில் கையை விட்டதும் முதலில் செய்தது விசாரித்தது. வணிகர் காரணம் சொல்ல இடம் கொடுத்தார்கள். அதன் பிறகே கண்டிப்பு வந்தது. ஈரத்தைச் சொன்ன அன்றே ஊழியருக்கு முகம் சுளிப்பு கிடைத்தால் மறுநாள் காய்ந்த தானியம்தான் மேலே இருக்கும். இத்தனை 'புள்ளி' முடித்தார் என்ற கணக்கை ஆண்டிறுதியில் சம்பள உயர்வோடு சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆராய்ச்சிப் பிரிவிலாவது அதைக் கைவிடும்படி மேலிடத்திடம் பேசுங்கள்; பேசும் தகுதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

மாதச் சம்பளத்தில் இல்லாமல், விளைவைக் காட்டினால் பணம் என்ற ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்துகொடுப்போரின் நிலை வேறு. அவர்கள் அஜீர் முஷ்தரக்கா, அல்லது 'ஜுஆலா' என்னும் பரிசு ஒப்பந்தத்தின் கீழ் வருவார்களா என்பது தனியே எழுதத்தக்கது. இன்ஷா அல்லாஹ் எழுதுவோம். இது தப்பித்துக்கொள்ளும் இன்ஷா அல்லாஹ் அன்று.