அம்பத்தூர் மொட்டைமாடியும் ஒரு குட்டி வி.என்.ஏ.வும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஆண்டெனா பற்றிய பதிவு. பயந்து ஓடிவிடாதீர்கள் :-)

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது படங்கள் அனுப்புவார்கள். அதைப் பிடிக்க எங்கள் மொட்டைமாடியில் ஒரு ஆண்டெனா கட்டினேன். நிமிர்ந்து நிற்கும் ஒரு செம்புக்கம்பி, கீழ்நோக்கிச் சாய்ந்த நான்கு கம்பிகள். அவ்வளவுதான். கட்டிவிட்டேன், சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்குத்தான் நெட்வொர்க் அனலைசர். ஆண்டெனாவுக்குள் சிக்னலை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது, என்ன ஃபேஸில் வருகிறது என்று அளக்கும். கல்லூரி லேபில் ஒன்று இருக்கிறது. விலை பல லட்சம். சார் தொடுவார், நாங்கள் பார்ப்போம்.

நாமே செய்தால் என்ன என்று தேடினேன். ஐதராபாத்தைச் சேர்ந்த ஹாம் அஷர் ஃபர்ஹான், ஆர்டுயினோவை வைத்து 'ஆண்டுயினோ' என்ற கருவியை வடிவமைத்திருக்கிறார். அருமையான வேலை. ஆனால் அது 'எவ்வளவு' என்று மட்டும்தான் சொல்லும், ஃபேஸ் சொல்லாது. கம்பி நீளமா குட்டையா என்று ஃபேஸ் காட்டிக்கொடுக்கும்.

கடைசியில் நானோ வி.என்.ஏ. வாங்கினேன். எடி555 என்ற ஜப்பானியப் பொழுதுபோக்காளர் 2016 வாக்கில் வடிவமைத்தது. சீனாவில் ஹூஜென் என்பவர் அதை மேம்படுத்த, 2019-ல் சுமார் 50 டாலருக்கு உலகம் முழுக்கப் பரவியது. விலை குறைந்த ரகசியம் சுவாரசியமானது: வந்த சிக்னலை ஒலி அதிர்வெண் அளவுக்கு இறக்கிவிட்டு, பாட்டுக் கேட்கப் பயன்படும் ஆடியோ சிப்பை வைத்தே அளந்துவிடுகிறது! 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்மோனிக்ஸை நம்பி ஓடுவதால் துல்லியம் குறையும். எனக்கு 145 போதுமே.

டியூஷன் எடுத்த காசு போச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிளும் கனெக்டரும் வாங்கி, 3 மீட்டர் கேபிள் வழியாக ஆண்டெனாவை அளந்தேன். கம்பி குட்டை என்றது. 3 செ.மீ. சேர்த்துப் பற்றவைத்தேன். முன்னைவிட மோசம். ஏமாந்துவிட்டோம், டுபாக்கூர் பெட்டி என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் மேலே ஏறி வந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஜீரோ பார்த்தியாடா?"

வெர்னியரின் வாயை மூடி ஜீரோ பார்க்காமல் அவர் எதையும் அளக்கமாட்டார். பெட்டியோடு வந்த மூன்று குட்டி மூடிகள் அப்போதுதான் ஞாபகம் வந்தன. ஓப்பன், ஷார்ட், 50 ஓம் லோடு. நான் பிரிக்கவே இல்லை! கேபிளின் நீளமே ஃபேஸைச் சுழற்றிவிடும். அதனால் இந்த மூன்றையும் கேபிளின் அந்த முனையில் மாட்டி கேலிப்ரேட் செய்யவேண்டும். நான் அளந்தது ஆண்டெனாவையும் கேபிளையும் சேர்த்து.

ஒட்டவைத்ததைக் கழற்றி, கேலிப்ரேட் செய்து, மறுபடி அளந்தேன். 52 செ.மீ. கம்பி 138 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைந்தது. குட்டை இல்லை, நீளம்! கால் அலைநீளத்தை அப்படியே வெட்டியிருந்தேன். நிஜக் கம்பிக்கு 5 சதவீதம் போலக் குறைக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி 49 செ.மீ.க்கு வந்ததும், திரையில் பள்ளம் 145-ல் வந்து உட்கார்ந்தது.

லட்ச ரூபாய் பெட்டியாக இருந்தாலும் இந்த மூன்று மூடிகள் இல்லாவிட்டால் பொய்தான் சொல்லும். நாலு வருஷப் படிப்பில் இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன் என்பதுதான் வெட்கம்.

அப்பா திரையைப் பார்த்தார், வெட்டிப் போட்ட துண்டுகளைப் பார்த்தார்.

"மொதல்லயே கொஞ்சம் கொஞ்சமா வெட்டத் தெரிஞ்சுதே, அது வரைக்கும் சரி" என்று இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது மாடியில்தான் இருப்பேன்.